அவன் எங்கே படுப்பான்

மிஸ் காலையில் வந்ததும் முதலில் செய்கிற வேலை, அந்த மரக் கதிரையைத் திருப்பி வைப்பதுதான். பொலிஸ் நிலையத்தில் பெண்கள் சிறுவர் பிரிவு என்று பலகை தொங்கிய எங்கள் அறைக்குக் கதவு இருந்தது, ஆனால் அதைச் சாத்த முடியாது. மழைக்கு ஊதிப்போய் நிலையில் முட்டும். வெளி வாங்கில் குந்தியிருக்கிற சனம், உள்ளே இருப்பவள் யார், அழுகிறாளா, முகம் எந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது என்றெல்லாம் எட்டிப் பார்க்கலாம். ஆகவே முறைப்பாட்டோடு வருகிறவள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காரும்படி மிஸ் கதிரையைத் திருப்பிவிடுவார். கூட்டித் துடைக்கிறவர் மாலையில் அதைப் பழையபடி நேராக்கிவிட்டுப் போவார். இருவருக்கும் இடையில் இது பேச்சில்லாத சண்டையாகவே நெடுநாள் நடந்தது.

மிஸ் பொலிஸ் இல்லை, நானும் இல்லை. அவர் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர், பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் பட்டப்படிப்பு முடித்து அப்போதுதான் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்திருந்தேன். அடிபட்டு வருகிற பெண்களிடம் காக்கிச் சட்டை மட்டும் கதைத்தால் போதாது என்று எங்கள் இருவரையும் அங்கே இணைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து மேலே படித்தவன் நான் ஒருவன்தான்; வாப்பா நாவிதன்வெளிப் பக்கம் வயல் கூலிக்குப் போனவர். முதல் நாள் பொலிஸ் வாசலில் என்னைக் கண்ட பக்கத்து வீட்டுக் காக்கா, ஓட்டோ பிடித்துப் போய் உம்மாவிடம் சொல்லிவிட்டார்: “ராத்தா, ஒங்கட மகனப் புடிச்சிட்டாங்க.” உம்மா அன்று அழுத அழுகையை மிஸ்ஸிடம் சொன்னபோது, “உம்மா சரியாத்தானே சொல்லியிருக்கா, நம்ம ரெண்டு பேரையும் புடிச்சித்தானே வச்சிருக்காங்க” என்றார். எங்கள் மேசையில் வாக்குமூலம் எழுதியவர் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண் சார்ஜன்ட். தமிழை அந்த அறையில்தான் பழகினார். “மிஸ், இன்டைக்கு அழுற கடையில யாவாரம் எப்பிடி?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்.

அந்தப் பெண் வந்தது ஒரு மழைக்கால முற்பகலில். என் வயதுதான் இருக்கும். வலது கையைத் துப்பட்டாவால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். புருஷன் ஒரு நெல் ஆலையில் லொறி ஓட்டுகிறவன். அவள் அழவில்லை. “இந்த முறை கையோட போயிட்டு மிஸ், அடுத்த முறை எதோட போகுமோ தெரியா” என்றாள். சார்ஜன்ட் எழுதி முடித்துப் பேனையை மூடிவிட்டு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி சொன்னார்: “தங்கச்சி, கொஞ்ச நாள் உம்மாட வீட்டுக்குப் போய் இருங்க. அதுதான் பாதுகாப்பு.”

“உம்மா என்ட வளவுக்குள்ளதானே மெடம் இருக்கா. குசினிக்குப் பின்னால.”

சார்ஜன்ட்டுக்கு விளங்கவில்லை. மிஸ்தான் விளங்கப்படுத்தினார். எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. கலியாணத்துக்கு முன் பெற்றோர் வீட்டை அவள் பேருக்கு எழுதுவார்கள், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். வேறு வீடு கட்ட வழியில்லாதவர்கள், இருந்த வீட்டையே மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கி ஒதுங்கிக்கொள்வார்கள். காரைதீவிலும் இதே வழக்கந்தான். “அவ ஏன் போகோணும் மெடம்? அவட வீடு. அடிச்சவரெல்லோ வெளியால போகோணும்” என்றார் மிஸ். அந்தப் பெண் அப்போதுதான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தாள். தன் வீடு தன்னுடையது என்பதை யாரோ சொல்லக் கேட்டு ஆச்சரியப்பட்டவளைப் போல.

புருஷனைக் கூப்பிட்டார்கள். மெலிந்த, பணிவான ஆள். பொறுப்பதிகாரிக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் ஓம் சேர், ஓம் சேர் என்றான். வீட்டுப் பக்கம் போவதில்லை என்று கையெழுத்தும் வைத்தான். அன்று மிஸ் பஸ்ஸுக்குப் போகும்போது, எங்கள் வழக்கத்தில் ஒரு நல்லதும் இருக்கிறது, வேறு ஊரில் என்றால் அவள்தான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு றோட்டில் நின்றிருப்பாள் என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. படித்ததற்கு ஒரு பலன் கிடைத்ததாக நினைத்தேன்.

றோட்டில் நின்றது அவன்தான். அவனுடைய உம்மாவின் வீடு அவனுக்கு மூத்த ராத்தாவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. அங்கே ராத்தாவின் புருஷன், அவனுடைய மச்சான், குடியிருந்தார். கலியாணம் கட்டிப் போன தம்பி திரும்பி வந்து அங்கே பாய் விரிக்க முடியாது. முதலில் லொறிக்குள் படுத்தான். ஆலைக்காரர் அதை விரும்பவில்லை. பிறகு பள்ளிவாசல் விறாந்தைக்கு வந்தான். சுபஹுத் தொழுகைக்குப் போகிறவர்கள் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும். ஊர் முழுக்க அவனைப் பார்த்தது. வீட்டுக்குள் முறிந்த கையைக் கட்டிக்கொண்டு இருந்தவளை யாரும் பார்க்கவில்லை. “பாவம் பொடியன், பொலிசில குடுத்து வீட்டால எழுப்பிட்டாளாம்” என்று தேத்தண்ணிக் கடையில் என் காதுபடவே கதைத்தார்கள். “இஞ்ச இருக்கான், எழுப்பின ஆள்” என்று என்னைக் காட்டி ஒருவர் சிரித்தார்.

ஒரு நாள் அந்தக் குடும்பத்தின் மரைக்கார் நிலையத்துக்கு வந்தார். அவர்களுடைய தாய்வழிக் குடிக்குப் பள்ளிவாசலில் பொறுப்பாக இருக்கிற பெரியவர், மரியாதையான மனிதர். வெள்ளைத் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கதைத்தார். “நீங்க செய்தது நல்லதுக்குத்தான் மிஸ், நான் குறை சொல்லயில்ல. ஆனா ஒரு மனிசன் பள்ளி விறாந்தையில கெடக்கக்குள்ள, அவனத் தாண்டிப் போய் நாங்க எப்பிடித் தொழுற?” அவர் போனபின் மிஸ் என்னிடம், “அவட கை முறிஞ்ச கிழமை எப்பிடித் தொழுதீங்க எண்டு கேக்க வாய் வரைக்கும் வந்திட்டு தம்பி. நான் கேட்டா அது காரைதீவுக்காரி கேட்டதாப் போயிடும்” என்றார். நீ கேட்டிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அதை நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை அவளே வந்தாள். கையில் கட்டு இல்லை. “நானே வரச் சொல்லிட்டன் மிஸ். புள்ள, வாப்பா ஏன் பள்ளியில படுக்கார் எண்டு கேக்குது. தங்கச்சிக்கும் மாப்பிள்ள பேசிக்கொண்டிருக்கம். சனம் கதைக்குது.” மிஸ் நெடுநேரம் அவளோடு இருந்தார். எங்கள் இருவருடைய கைபேசி இலக்கங்களையும் அவளுடைய கைபேசியில் பதிந்து கொடுத்தார். வாசல் வரை கூடப் போய், அவளுடைய ஓட்டோ திரும்பும்வரை நின்றார்.

அவள் யாருக்கும் கோல் எடுக்கவில்லை. அதற்கு நேரம் இருந்திருக்காது. ஒரு பகல், லுஹர் தொழுகைக்குப் பிறகு, பின்பத்தியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவளுடைய உம்மா, வீட்டுக்குள் பானை விழுந்த சத்தம் என்று நினைத்தாராம். மீனைக் கழுவிச் சட்டியில் போட்டுவிட்டுத்தான் எழும்பிப் போனாராம். அவன் தானாகவே நிலையத்துக்கு நடந்து வந்தான். அழுகிற கடை என்று பகிடி பண்ணுகிற சார்ஜன்ட்தான் அவனுடைய வாக்குமூலத்தையும் எழுதினார். எழுதி முடித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

அவளை அடக்கம் செய்வதற்கு முன் மையத்து வீட்டுக்கு மிஸ்ஸோடு நானும் போனேன். மிஸ் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்களின் பக்கம் போனார். அந்த உம்மா அவருடைய கையைப் பிடித்துச் சொன்னது வெளியில் நின்ற எனக்கும் கேட்டது. “நீங்க அவர வீட்டால எழுப்பாம உட்டிருந்தா வெறும் அடியோட போயிருக்கும் மகள்.” கோபத்தில் சொன்னது போல இருக்கவில்லை. எங்கேயோ ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். திரும்பும்போது, பஸ் வந்ததும் மிஸ், “எங்கட ஊரிலயும் இதே வழக்கந்தானே தம்பி, எனக்குத் தெரியாத ஒண்டா? அவன் எங்க படுப்பான் எண்டு நான் கேக்கயில்லையே” என்றார்.

கொஞ்ச காலத்தில் மிஸ் மாற்றல் எடுத்துக்கொண்டு வேறு அலுவலகம் போய்விட்டார். கல்முனைச் சந்தையில் எப்போதாவது கண்டால் என் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார், பொலிஸ் நிலையத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. சார்ஜன்ட் இன்னும் எங்களோடுதான். நான் வருகிற பெண்களிடம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, அவன் எங்கே படுப்பான் என்பதையும் கேட்கிறேன். பதிலைப் பொறுத்து, ஆலைகளிலும் வயல் வாடிக் குடிசைகளிலும் புருஷன்மாருக்கு ஒரு பாய் போட இடம் கேட்டு அலைகிறேன். சிலர் தருகிறார்கள். பலர் தருவதில்லை. “தம்பி இப்ப லொட்ஜ் நடத்துறார்” என்கிறார் சார்ஜன்ட்.

போன கிழமை ஒருத்தி வந்தாள். கழுத்தில் விரல் தடம் பதிந்திருந்தது. வீட்டை விட்டு அவர் போகத்தான் வேண்டும் என்று சொன்னேன், பிறகு அவர் எங்கே படுப்பார் என்று கேட்டேன்.

“நீங்களும் அவர்ர பக்கந்தானா சேர்?”

இல்லை என்றேன். ஏன் கேட்கிறேன் என்று விளங்கப்படுத்துவதானால், செத்துப்போன ஒருத்தியின் கதையைக் கழுத்தில் தடத்தோடு இருக்கிறவளுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. எழும்பிப் போய்விடுவாளோ என்று பயந்தேன். அவள் முக்காட்டை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

“அவருக்கு ஒரு ராத்தா இருக்கா. அந்த மச்சான் உடமாட்டார்” என்றாள்.

மச்சான் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டேன்.