நோன்பு வயிறு

என் வலி ரமலானில்தான் தொடங்கியது என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். இல்லை. மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தது. ரமலானில் அதை மறைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மாதவிடாய் நாட்களில் எங்கள் பெண்களுக்கு நோன்பு கிடையாது. ஆனால் அத்தா (அப்பா), அண்ணன் முன்னால் சாப்பிட்டால் தெரிந்துவிடுமே! அதனால் நோன்பு வைத்தவர்கள் போலவே உட்கார்ந்திருப்போம். அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். எனக்கு அதற்கும் வெட்கம்.

அப்படி ஒரு நாள் சுருண்டு விழுந்தேன். அண்ணன் பைக்கில் செம்பாக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். "நோன்பாம்மா?" என்றார் டாக்டர். பக்கத்தில் அண்ணன் நிற்கிறான். "ஆமா சார்" என்றேன். கேஸ் மாத்திரை கிடைத்தது. "நோன்பு வயிறு. கஞ்சி குடிச்சா சரியாப்போயிடும்" என்றாள் அம்மா. பல வருடம் அந்தப் பெயரிலேயே ஓடியது.

கடைசியில் தாம்பரத்தில் ஒரு பெண் மருத்துவர் அண்ணனை வெளியே உட்காரச் சொன்னார். "பீரியட்ஸ் அப்பதான் வலிக்குதா?" அந்தக் கேள்விக்கே அழுதுவிட்டேன். இதே வலியோடு இருப்பவர்களே, கூட வந்தவரை நீங்களே வெளியே அனுப்பிவிடுங்கள்.

ஸ்கேனில் தெரிந்தது எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு வெளியே வளர்வது). ஏன் வருகிறதென்று முழுதாகத் தெரியாதாம். மாதவிடாய் ரத்தம் கொஞ்சம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போகும். பலருக்கு அது தானாகக் கரைந்துவிடும், சிலருக்கு அங்கேயே ஒட்டி வளரும் என்பது ஒரு விளக்கம். ஒட்டிய இடமும் மாதாமாதம் கசியும். வெளியேற வழியில்லை. புண்ணாகி, தழும்பாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். என் இடது சினைப்பையில் பழைய ரத்தம் கட்டியாக நின்றிருந்தது.

"சினைப்பையக் காப்பாத்த முடியுமான்னு உள்ள பாத்தாதான் தெரியும்மா" என்றார் மருத்துவர்.

லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) முடிந்து கண் விழித்ததும் அதைத்தான் கேட்டேன்.

"இருக்கு. ஆனா நோய் திரும்பி வரலாம். மாத்திரைய விட்றாதீங்க."

நான் தேறிக்கொண்டிருந்தபோதே ரமலான் வந்தது. ஒரு மதியம் ஹாலில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து அத்தா நுழைந்தார். அம்மா பதறி என் தட்டைத் தூக்கப்போனாள்.

"வுடு, புள்ள சாப்பிடட்டும்" என்ற அத்தா என்னைப் பார்த்தார். "இத்தன வருஷமா எங்களுக்கு வெக்கப்பட்டா பட்டினி கெடந்த?"

நோன்பிருந்த மனிதர் அடுப்படிக்குப் போய், ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

வலி இப்போதும் சில நாள் எட்டிப் பார்க்கிறது. யார் நின்றாலும் மாதவிடாயின் எந்த நாள், எந்த இடத்தில் வலி என்று சொல்லிவிடுகிறேன். அத்தா தண்ணீர் வைத்த அன்று, பட்டப்பகலில், கதவு திறந்திருக்க, தட்டிலிருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தேன்.