மில்லு வீட்டுக் கினியின் மூச்சு

மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். கினி விற்கிறவன் அதைக் காதருகே பிடித்து மூச்சைக் கேட்பான். கட்டாரில் ஒரு பிராணிக் கடையில் நெடுங்காலம் வேலைக்கு நின்றுவிட்டு, கல்முனைக்குத் திரும்பி அதே தொழிலைத் தொடங்கியபோது நான் கொண்டுவந்த மூலதனம் அந்தக் காதுதான். வீட்டுக் கூட்டுக்குள் ஒரு சின்ன உயிர் 'கர்கர்' என்று மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பலகையில் பாதிப் பெயர்

முயல்குட்டி அளவேயான கொறிக்கும் பிராணிதான்; ஆனாலும் கினிப் பன்றி என்று பலகையில் எழுதிவிட்டு, முஸ்லிம்கள் வாழும் எங்கள் ஊரில் கடை நடத்த முடியாது. இங்கிலீஷில் எழுதினாலும் அதே மிருகம்தான் வந்து நிற்கிறது. ஆகவே 'கினி' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதலில் வாங்க வந்தவர் நெல்லு மில்லுக்கார றவூப். மகள் ஹனா வந்தவுடனேயே பழுப்பும் வெள்ளையுமான ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பக்கத்தில் தொட்டி மீன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கினியின் முழுப் பெயரையும் சொல்லி, இதை வீட்டில் வைக்கலாமா என்று இழுத்தார். றவூப் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வளக்கத்தானே கொண்டு போறம், ஆக்கித் திங்கவா போறம்?"

ரீச்சர் கொடுத்த மருந்து

ஜெசிந்தா ரீச்சர் என்னிடம் வாங்கிப்போன கினிக்கு மூக்கு ஒழுகியது. மூச்சு விடும்போது விலா உள்ளே போய் வந்தது. தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டச் சொன்னேன். காட்டத்தான் போனார். வைத்தியரோ மாடுகளுக்கு ஊசி போட நாவிதன்வெளிப் பக்கம் போயிருந்தார். திரும்பி வந்த ரீச்சர், தன் மகனுக்கு நெஞ்சுச் சளி வந்தபோது மிஞ்சிய குளிசையைக் கரைத்து ஊட்டிவிட்டார். நமக்குச் சுகம் தருகிற சில மருந்துகள் கினியின் குடலைக் கெடுத்து ஆளையே கொண்டுபோய்விடும்.

வெறுங்கூட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார், வேறு யாருக்காவது உதவட்டும் என்று. கூட்டை வாங்கி உள்ளே வைத்தேன். அவரே சொன்னார்: "என்ட மகனுக்கு ரெண்டு நாளில சுகமாக்கின மருந்து தம்பி, அதான் குடுத்தன்."

மெத்தை மாதிரி உமி

றவூப் தன் கினியைத் தூக்கிக்கொண்டு வந்தது அதற்குப் பிறகு. காதருகே பிடித்தேன். ஈரக் கடதாசியைக் கசக்குகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம். கூட்டுக்குள் என்ன பரப்புகிறீர்கள் என்று கேட்டேன். பெருமையோடு சொன்னார்: மில்லில் இருந்து காலையில் புது உமி, பின்னேரமும் புது உமி, மெத்தை மாதிரி.

உமித் தூசுதான் நெஞ்சுக்குள் போகிறது, பழைய சாரன் துணியைக் கிழித்து விரியுங்கள் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணன் என்கிற முறையில் 'காக்கா' போட்டுக் கேட்டார்: "உமியில வருத்தம் வருமா காக்கா? நாங்க அதுக்குள்ளதானே பொறந்து வளந்த."

கூட்டைப் பார்க்கப் போனது

சாரன் விரித்தும் சத்தம் நிற்கவில்லை. மிருக வைத்தியர் தந்த துளி மருந்துக்கு அடங்கியது, மருந்து முடியத் திரும்பியது. ஒருநாள் நானே போய்ப் பார்த்தேன். மில்லுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். மெசின் ஓடினால் யன்னல் கம்பியில், கூட்டின் மேல், ஹனாவின் பாடக் கொப்பியில் எல்லாம் மெல்லிய தவிட்டுத் தூள் வந்து படிகிறது.

மெசினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கூட்டருகே குந்திக் கேட்டேன். சத்தம் இருந்தது. கினியை முற்றத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அப்போதும் இருந்தது. பாயில் இருந்து எழுதிக்கொண்டிருந்த ஹனாவின் தோள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது. நான் அவளையே பார்ப்பதைக் கண்டு தாய் சொன்னார்: "அவக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா, எப்பயும் அப்பிடித்தான். நீங்க கினியப் பாருங்க."

திருப்பிக் கொடுக்காத கினி

கினியைக் கடையில் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டேன். வைத்தியர் மறுபடி தந்த மருந்து முடிந்தது; இந்தமுறை சத்தம் திரும்பவில்லை. கூட்டிப்போக றவூபும் ஹனாவும் வந்தார்கள். ஹனா என்னைப் போலவே அதைக் காதில் வைத்துக் கேட்டு, சத்தமே இல்லை என்று சிரித்தாள். அந்தச் சொல்லுக்கும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

கினியை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாது என்றேன். பிறகு, கேட்காமலே, ஹனாவின் மூச்சுக்கும் அந்தத் தூசு ஆகாது என்று சொன்னேன். றவூப் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னார்களாம். மில்லை விட்டால் தொழில் இல்லை, வீட்டை விட்டால் போக வேறு வீடு வளவு இல்லை. மகளின் தலையில் கை வைத்துக்கொண்டு, சிரிக்கிற மாதிரித்தான் கேட்டார்: "அப்ப எண்ட மகளுக்கும் இஞ்ச ஒரு கூடு போட்டுத் தாங்களன் காக்கா."

மூச்சிரைத்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள் என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் இன்றும் சொல்கிறேன், கினிக்கு மட்டும்.