பானட்டுக்கு வைத்த ஜன்னல்

ஒரகடம் ரோட்டில் கத்திரி வெயிலில் காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். ஏசி இல்லை, ஹீட்டர். எங்கள் பழைய பெட்ரோல் கார் ஓடும்போது நல்ல பிள்ளை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தால் மட்டும் அதற்குக் காய்ச்சல் வந்துவிடும், சூடு காட்டும் முள் சிவப்பைப் பார்த்து ஏறும். அப்போது ஹீட்டரை முழுசாகத் திருகினால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும், முள் இறங்கும். ஃபேன், ரேடியேட்டர் எல்லாம் பார்த்துச் சலித்துப்போன மெக்கானிக் கடைசியாகச் சொன்ன வைத்தியம் இது. இன்ஜினுக்குப் பதிலாக நான் வெந்தேன்.

கம்பெனி பஸ் முன்பெல்லாம் எங்கள் ஊர் மணிமங்கலம் வரை வரும். ஆள் போதவில்லை என்று அந்த ரூட்டை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஸ்கூட்டர் இருக்கிறது, எனக்கு ஓட்டவும் தெரியும். ஆனால் “கன்டெய்னருக்கு நடுவுல டூவீலர்லாம் வேணாம், சொல்ட்டேன்” என்று என் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார். அதனால்தான் கார்.

நான் காருக்குத் தகடு பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிறவள். கையுறை போட்ட உள்ளங்கையைத் தகட்டின் மேல் ஓட்டி, மேடு பள்ளம் தட்டுப்பட்டால் ஒதுக்கிவைக்க வேண்டும். கான்ட்ராக்ட் வேலை. சூப்பர்வைசர் ஏற்கெனவே என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “இன்னொரு தபா லேட்டா வந்தா கான்ட்ராக்ட் ரினியூ ஆவாதுமா. அப்பறம் என்னாண்ட வந்து அழக்கூடாது.”

எனக்கு அந்த வேலை வேண்டும். கல்யாணமான புதிதில் கொஞ்ச காலம் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குக்கர் விசிலைத் தவிர என்னோடு பேச யாரும் இல்லாத பகல்கள் அவை. திரும்ப அங்கே போக மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேதான் தினமும் அந்த அடுப்புக்குள் ஏறி உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருக்கிறார். அவர் லைனில் ஓடுவதே இன்ஜினை மூடுகிற பானட் தகடுதான். ஒருநாள் நான் கோழிக்குழம்பு நிறத்தில் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, “சூடு மேல போறதுக்கு வழியே இல்ல. பானட்டுக்கு ஜன்னல் வெச்சிட்டா சரியாப் பூடும்” என்றார். அடுத்த வார லீவில் பானட்டைக் கழற்றி, வாசலில் இரண்டு பிளாஸ்டிக் சேர் மேல் படுக்கவைத்தார். அட்டைப்பெட்டியை வெட்டி அச்சு எடுத்தார். இரும்பறுக்கும் கிரைண்டரால் குறுக்கே வரிசையாகக் கீறி, மரக்கட்டையை அண்டக் கொடுத்துத் தட்டித் தட்டி ஒவ்வொரு கீறலிலும் ஒரு ஓரத்தைத் தூக்கிவிட்டார். பாத்ரூம் வென்டிலேட்டரில் சாய்ந்து நிற்கும் கண்ணாடிப் பட்டைகள் மாதிரி இருந்தது. ஓரங்களைத் தேய்த்து பெயின்டும் அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இன்ஸ்பெக்டரம்மா, செக் பண்ணுங்க.”

நான் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. “ஓகே” என்று கட்டை விரலைத் தூக்கினேன். மேடு பள்ளம் பார்ப்பதுதான் என் வேலை, திசை பார்ப்பது என் ஸ்டேஷன் இல்லை.

வெயில் காலம் முழுக்க ராஜபோகம். நெரிசலில் நின்றால் பானட்டிலிருந்து இட்லிப் பானை போல ஆவி அலையும், முள் அசையாது. ஹீட்டரை மறந்தே போனேன். பக்கத்து லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தால் நானும் சிரித்தேன்.

அப்புறம் ஐப்பசி மழை வந்தது. ஒரு காலையில் மழைக்குப் பயந்து சீக்கிரமே கிளம்பினேன், படப்பை தாண்டும்போதே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஒரகடம் மேம்பால ஏற்றத்தில் ஏதோ வேலைக்காகப் பாதி ரோட்டைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஒரு வண்டி போகிற அகலம்தான். சரியாக அங்கே கார் இருமியது, குலுங்கியது, நின்றது. சாவியைத் திருகத் திருக வெறும் முனகல்தான்.

பின்னால் லாரிகள் ஹாரனில் ஏறி உட்கார்ந்தன. வலப்பக்கக் கதவு மீடியனில் முட்டியது. இடப்பக்கம் தகரத்துக்கும் காருக்கும் நடுவே இருந்த சந்தில் பைக்குகள் விடாமல் போய்க்கொண்டே இருந்ததால் அந்தக் கதவையும் திறக்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கினால் மழை, ஏற்றினால் என் மூச்சே பனியாகப் படிந்தது. ஷிஃப்ட் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, எதையாவது கடிக்க வேண்டும் போல இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த வீட்டுக்காரருக்கு போன் போட்டு, “உங்க ஜன்னல் நின்னுடுச்சி, வாங்க” என்று கத்தினேன்.

ரெயின்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்தார். சந்திலேயே வண்டியை நிறுத்தி பைக்குகளை மறித்தார், நான் வெளியே வந்தேன். பானட்டைத் தூக்கினால் ஸ்பார்க் பிளக் இருக்கும் இடமெல்லாம் குளம். பானட்டை மூடிவிட்டு முன்னால் போய் நின்று அதையே பார்த்தார். தூக்கிவிட்ட ஓரங்கள் எல்லாம் அவரைப் பார்த்து வாயைத் திறந்திருந்தன. அந்த வாய்கள் பின்னால் முன்கண்ணாடிப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஓடுகிற காரின் வேகத்துக்கு மழையை மொண்டு மொண்டு குடித்திருக்கின்றன.

“லைன்ல தகடு மூக்கு, அதான் முன்பக்கம், எப்பவும் நம்ம வயித்தப் பாத்துதான் வரும்” என்றார் மெதுவாக. “வூட்ல அந்த மூக்க செவுத்தப் பாத்து வெச்சிட்டேன். கை பாட்டுக்கு எப்பவும் போல அடிச்சிடுச்சி.”

ஆத்திரத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்குள் அவர், “வுடு, இன்னைக்கு லீவு சொல்லிடு. வேல போனாலும் போவட்டும், நான் இல்ல?” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ‘நான் இல்ல’தான் என்னைச் சுட்டது. ஸ்கூட்டர் சாவிக்குக் கையை நீட்டினேன்.

மழை அவர் முகத்தில் வழிந்தது. பின்னால் இத்தனை லாரி. அவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டி, வாரை அவரே இழுத்துவிட்டார். “ஓரமாப் போ” என்றார்.

சொட்டச் சொட்டப் போய் பஞ்ச் அடித்தேன். லேட் இல்லை. லைனுக்கு ஓடினால் லைனே நின்றுகொண்டிருந்தது. மெட்டீரியல் லாரி வரவில்லையாம். எல்லோரும் சூப்பர்வைசரைச் சுற்றி நின்று அவர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வழியில் மாட்டிக்கொண்ட அந்த லாரி டிரைவர் அனுப்பிய போட்டோ. ஒரு பழைய காரின் பானட் மேல் விரித்த ரெயின்கோட் ஒரு பக்கம் விலகிக் கிடக்கிறது. நனைந்த பனியனோடு ஒரு ஆள் ஏற்றத்தில் அந்தக் காரைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

“பானட்ட ஜல்லிக்கரண்டி மாதிரி ஓட்ட போட்டு வெச்சிக்கிறான். இவனாலதான் நம்ம லைன் நிக்கிது” என்றார் சூப்பர்வைசர். “யாருடா இந்தக் கிறுக்கன்?”

அங்கே யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. கையுறையை மாட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டேன்.

“அது எங்க வண்டி சார். தள்றது எங்க வூட்டுக்காரு. நான் லேட்டாவக் கூடாதுன்னுதான் அவரு அங்க நிக்கிறாரு.”