ஆசிட்டக்கா கழுவிய தொட்டி

கையுறையை மணிக்கட்டுப் பக்கமாகச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்து அமுக்கிப் பார்ப்பார் ஆசிட்டக்கா. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கன்னம் சொல்லிவிடும். "ஆசிட்டுக்கு முதலாளியும் ஒண்ணு, நாமளும் ஒண்ணு. ஆள் பாத்து கடிக்காது" என்பார்.

எவர்சில்வர் பால் தொட்டி செய்யும் பட்டறை அது. தகடுகளை மூட்டிப் பற்றவைப்பவர் அக்காவின் கணவர். சூட்டில் மூட்டோரம் கறுத்துப்போகும். அதன்மேல் அக்கா கறுப்பை எடுக்கும் பசை தடவி, ஆசிட் ஊற்றி, தண்ணீர் விட்டு அலசுவார். அப்புறம்தான் தகட்டின்மேல் துருவை அண்டவிடாத தோல் ஒன்று படியும். அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத வேலைக்கு யார் மதிப்புக் கொடுக்கிறார்கள்? கணவருக்கு 'மேஸ்திரி' என்று பெயர். அக்காவுக்கு 'கழுவுற பொம்பள'. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டறைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிற என் சொல் எந்த அம்பலத்தில் ஏறும்?

கழுவிய தொட்டியில் இரும்புச் சாமான் பட்டால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். "குளிச்சிட்டு வந்த புள்ளைய சேத்துல எறக்காதீங்கப்பா. இரும்பு ஒரசுனா துரு அங்கயே குடித்தனம் வச்சிரும்." கணவர் சிரிப்பார். "இவ பெரிய டாக்டரு." வீட்டிலும் அதே சிரிப்புதானாம்.

போன வாரம் ஒரு தொட்டி துருவேறித் திரும்பி வந்தது. இறக்கியது நான்தான். மூட்டோரம் செம்பழுப்புக் கீறல்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. முதலாளி அக்காவையும் மேஸ்திரியையும் கூப்பிட்டார்.

"ஒருத்தர் இன்னிக்கே வேலைய விட்டுப் போகணும். யார் தப்பு?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "கழுவுனது சரியில்ல, முதலாளி."

கட்டிய புருஷன் வாயில் வந்த சொல் இது. வேலை போனால் அக்கா எல்லாவற்றுக்கும் இந்த மனிதரிடம்தான் கைநீட்ட வேண்டும். அது தெரிந்துதான் சொன்னார்.

"நான் கழுவுனதுக்கு அப்புறம், ஒழுகுதுன்னு மறுபடி பத்தவச்சது யாரு?" என்றார் அக்கா. "திரும்ப எங்கிட்ட குடுக்காம இரும்பு பிரஷ்ஷால தேச்சது யாரு?"

"நான் தேய்க்கல."

அக்கா கணவரின் இடது கையைப் பிடித்தார். பட்டறையில் இடது கைக்காரர் அவர் ஒருவர்தான்; வலது கையால் தேய்த்தால் கீறல் மறுபக்கம் சாயும். அந்தக் கையை இழுத்துத் துருக் கீறல்களின்மேல் வைத்து, அவை சாய்ந்த பக்கமாகவே, முதலாளி பார்க்க, மேலிருந்து கீழே ஒருமுறை தேய்த்துக் காட்டினார்.