சுரண்டிய ரீடு

செவ்வாய்ப்பேட்டையில் பழைய மரச்சாமான் விற்கும் கடை ஒன்றில், உடைந்த கட்டில்களுக்குப் பின்னால் அந்தக் கால் ஆர்மோனியம் கிடந்தது. காலால் மிதித்துக் காற்றடித்து, இரண்டு கையாலும் வாசிக்கிற பெட்டி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷமாக வெல்டிங் வைக்கிறவன் நான். சங்கீதம் தெரியாது. ஆனால் கெட்டுக் கிடக்கும் எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. வாங்கி வந்துவிட்டேன்.

நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. எலி கடித்த துருத்திக்குப் புது ஆட்டுத்தோல் ஒட்டினேன். அறுந்த மிதிக்கட்டை வாருக்குப் பதில் தார்ப்பாய் இழுத்துக் கட்டும் பட்டையைப் போட்டேன். உள்ளே வரிசையாக இருந்த ரீடுகளை, காற்றுப் பட்டால் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்குகளை, ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தேன். மிதித்தால் சத்தம் வந்தது. சுதி மட்டும் சேரவில்லை.

"தம்பிய வரச் சொல்லட்டுங்களா?" என்றாள் மனைவி.

அவள் தம்பி மோகனூரில் வாழை போட்டிருக்கிறான். கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவன். ரீடின் நுனியைச் சுரண்டினால் சுதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும் என்று சொல்லிக்கொண்டே மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டான். பிறகு வாசித்தான். சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்த என் மனைவி, அவன் பக்கத்தில் நின்று பாட ஆரம்பித்தாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அவள் பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

"அக்கா பாடி நீங்க கேட்டதே இல்லீங்களா மாமா?" என்றான், என் முகத்தைப் பார்த்து. அவன் குத்திக் கேட்கவில்லை. எனக்குக் குத்தியது.

சாப்பிடக் கூப்பிட்டாள். "கை கழுவிட்டு வாரேன்" என்று நான் பின்தங்கினேன். மேல்பலகையைத் தூக்கி, நடு ரீடு ஒன்றின் நுனியில் அரத்தால் நாலு இழுப்பு இழுத்தேன்.

சாப்பிட்டு வந்து வாசித்தவன் முகம் சுருங்கியது. "நாந்தான் கூடச் சுரண்டிப் போட்டேனாட்ட இருக்குதுங்க மாமா. உங்க நாலு மாச ஒழைப்பு..."

"உடு மாப்ளே, பரவால்ல" என்றேன், பெரிய மனசுக்காரன் மாதிரி. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

அவன் போனதும் மனைவி கேட்டாள். "ஏனுங்க, சாப்பாட்டுக்கு முன்னால நல்லாத்தானே இருந்துச்சு. நடுவுல யாரு தொட்டது?"

"நாந்தான்."

"எதுக்குங்க?"

"எங்கிட்ட நீ ஒரு நாளும் பாடுனதில்லையே."

"கல்யாணமான புதுசுல பாடுனேனுங்க. ரேடியோவப் போடுன்னு சொன்னீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவளுக்கு இருந்தது. தம்பிக்கு நீங்களே போன் பண்ணி உண்மையைச் சொல்லுங்கள் என்று செல்லை என் கையில் கொடுத்தாள்.

சொன்னேன்.  அவன், "நுனியில துளி ஈயம் வெச்சுப் பாருங்க மாமா, சுதி எறங்கிரும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

பற்றவைப்பது என் கைத்தொழில். ஆனாலும் மூன்று தடவை வைத்து எடுக்க வேண்டியிருந்தது. அவள் மிதித்துக்கொண்டே அந்த ரீடுக்குரிய கட்டையை விரலால் அழுத்தி, "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம், போதுங்க" என்றாள். எனக்காகப் பாடிக் காட்டச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

இரண்டு மாதம் அவன் வரவில்லை. ஊர்த் திருவிழா நோம்பிக்குத்தான் வந்தான். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நேராகப் பெட்டி முன்னால் உட்கார்ந்தான். இவள் பாடினாள். இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை வருகிறான். எனக்கு எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். அவன் வாசித்தால்தான் இவள் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். காற்றாவது மிதித்துக் கொடுக்கலாம் என்றால், அதற்கும் அவன் கால்தான் இருக்கிறது.