பேஸ்ட் கொஞ்சம் தாராளம்

அந்த மெக்கானிக்குக் கடைத்தெரு வைத்த பெயர் ‘ரெட்டை’. எதையும் ஒரு தடவையோடு விடமாட்டார். ஷட்டரைப் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். வீட்டில், கேஸை மூடியாச்சா என்று கேட்டுக் கேட்டே மனைவியின் உயிரை வாங்குவார். பாவம், பயந்த மனுஷன்.

அவளுக்கு எட்டாம் மாதம். அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக அவள் தம்பி காரோடு வந்தான். வண்டியில், என்ஜின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வின் மூடியோரமாக அந்தக் கூலன்ட் கசிந்துகொண்டிருந்தது. ரெட்டை மூடிக்கடியில் இருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துப் புதியதை வைத்தார். அதுவே போதும், ஊருக்கெல்லாம் அப்படித்தான் மாட்டிக் கொடுப்பார். ஆனால் இதில் போகிறவள் அவள். மனசு கேட்கவில்லை. கேஸ்கெட்டின் இரண்டு பக்கமும் கசிவை அடைக்கும் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவி, போல்ட்டை இறுக்கினார். வெளியே பிதுங்கியதை விரலால் வழித்தார். உள்ளே பிதுங்கியது யார் கண்ணுக்குத் தெரியும்? என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். கசிவே இல்லை.

“சரியாயிடுச்சு, ஏறு” என்று அனுப்பிவைத்தார்.

மத்தியானம் மைத்துனனிடமிருந்து போன் வந்தது.

“மாமா, ஹைவேல நிக்கிறோம். என்ஜின் கொதிக்குது.”

“ஒழுகுதா?”

“சொட்டுகூட இல்ல மாமா. நீங்க போட்டது கல்லு மாதிரி இருக்கு.”

“ரேடியேட்டர் பக்கம் கைய வச்சுப் பாரு.”

“சூடே இல்லையே!”

ரெட்டைக்குப் புரிந்துவிட்டது. உள்ளே பிதுங்கிய பேஸ்ட் வால்வோடு ஒட்டிக் கெட்டியாகிவிட்டது, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போக வழியில்லை.

“ரேடியேட்டர் மூடியத் திறந்துடாத! அவளைத் தள்ளி நிக்கச் சொல்லு!” என்று கத்திக்கொண்டே புது வால்வையும் கேஸ்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தார். வழி முழுக்க என்னென்னவோ நினைத்துப் பயந்தார்.

அவள் சாலையோரம் தன் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது, கால்கள் வீங்கியிருந்தன. என்ஜின் ஆறியதும் அவர் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினார். மென்று துப்பிய மிட்டாய் போல வால்வில் அப்பியிருந்தது பேஸ்ட்.

“இது எங்கருந்து மாமா வந்துச்சு?”

“நான் வச்சதுதான்” என்றார். புது வால்வையும் வெறும் கேஸ்கெட்டையும் வைத்து மூடி, என்ஜினை ஓடவிட்டார்.

“சரியாயிடுச்சு, ஏறு.”

“காலையிலயும் இதையேதான் சொன்னீங்க” என்றாள் அவள்.

“இந்தத் தடவ பேஸ்ட்டே வைக்கல. சத்தியமா.”

“எனக்குன்னா மட்டும் ஏங்க தனியா ஒண்ணு பண்றீங்க? ஊருக்குப் பண்ற மாதிரி எனக்கும் பண்ணக் கூடாதா?”

தூரத்தில் பஸ் வந்தது. அவள் எழுந்து கையைக் காட்டினாள். தம்பி பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினான்.

ரெட்டை வண்டியருகே நின்றார். ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் சூடு சரியான அளவில்தான் இருந்தது.