தனியாக இருக்கும் மாப்பிள்ளை

மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அதில் ஒருத்தன் சாந்தோம் சர்ச்சில் பார்த்த பெண்ணை உயிராக விரும்பினான். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து விசாரிப்பதாகச் சொல்லியிருந்தார். மூன்று தடியன்கள் குடித்தனம் என்று தெரிந்தால் கல்யாணம் அம்பேல் என்று பயந்து, இந்த மடையன் தனியாக இருப்பதாக அளந்துவிட்டிருந்தான்.

அன்றைக்கு நாங்கள் இருவரும் பீச்சுக்குப் போய்விடுவதாகத்தான் பேச்சு. மனிதர் சர்ச்சில் முதல் பூசையை முடித்துக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். படியேறும் சத்தம் கேட்டது.

"மச்சி, நீ பாத்ரூம்ல பூந்துக்கோ. நான் தண்ணி கேன் போட வந்த ஆளு" என்றான் மூன்றாமவன், வியாசர்பாடிக்காரன். எங்கள் அழுக்குத் துணி மொத்தத்தையும் என் தலையில் போட்டுக் கதவைச் சாத்தினான்.

கேனை வைத்தவன் கிளம்பிப் போயிருக்கலாம். மாப்பிள்ளை உளறிவிடுவானோ என்று காலி கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டே இருந்தான்.

"ஒத்த ஆளுக்கு எத்தனை கேன்பா போடுவே?"

"வெயில் ஜாஸ்தியா கீது சார்."

பிறகு அவர் கை கழுவ வேண்டும் என்றார். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது என்று மாப்பிள்ளை சொல்ல, "ஸ்க்ரூ டிரைவர் இருந்தா குடுங்க, பாத்துடலாம்" என்று அவர் கதவருகே வந்துவிட்டார். உள்ளே வெந்துகொண்டிருந்த எனக்குப் பொறுமை போய்விட்டது. போங்கடா நீங்களும் உங்கள் திட்டமும் என்று லுங்கியோடு வெளியே வந்தேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும்தான் உறைத்தது. ஐயோ, கெடுத்துவிட்டேனே!

அவர் கேன்காரனைக் காட்டி என்னிடம் கேட்டார். "இவரும் இங்கதானா?"

"ஆமா சார்" என்று அவனே சொல்லிக் கேனை இறக்கினான்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "தனியா இருக்கிற பையன்னதும் என் வீட்டுல தூக்கமே இல்ல. ஒரு சிநேகிதன்கூட இல்லாதவனை நம்பி எப்படிக் குடுக்கறதுன்னு." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க கூடப்பொறந்த தங்கச்சியா இருந்தா இவருக்குக் குடுப்பீங்களா?"

"இவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது சார், நீங்களே பாத்தீங்க. எனக்கு டெங்கு வந்தப்போ ஆஸ்பத்திரி வராண்டாலயே படுத்துக் கிடந்தான். குடுப்பேன்."

மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவர் கை கழுவிக்கொண்டு வந்து செருப்பை மாட்டினார். "நாளைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வாங்க" என்றார். "மூணு பேரும்."